சின்ன நிலாவில் கரையேறிய வள்ளம்

செவ்வாய்க் கிரகத்தை நாளுக்கு மூன்று தரம் சுற்றி வருகிற, உருளைக்கிழங்கு போலக் கோணிக்கொண்ட அதன் சின்ன நிலாவை விண்கலம் ஒன்று பக்கத்தில் போய்ப் படம் பிடித்தபோது, அங்கே இருந்த பெரிய பள்ளத்தின் விளிம்பில், ஆறு வருடத்துக்கு முன்னால் கார்த்திகைப் புயலில் காணாமல் போன ஏழுபனைத்துறை மிக்கேலின் வள்ளம் கரையேறிக் கிடந்தது. நீலச் சாயம் வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. பக்கப் பலகையில் எழுதிய பதிவு எண்ணை மட்டும் வாசிக்க முடிந்தது. வலை மடித்தபடியே இருந்தது.

அந்தப் படத்தை முதலில் பார்த்தவள் கமலவேணி. விண்கலம் அனுப்புகிற படங்களை வாங்கி, கோடும் புள்ளியும் நீக்கிச் சுத்தம் செய்கிற நிலையத்தில் அவளுக்கு வேலை. வள்ளத்தை அவள் படத்தின் பழுது என்று ஒதுக்கவில்லை, ஏனென்றால் வள்ளத்துக்கு நிழல் இருந்தது, பக்கத்துப் பாறைகளின் நிழல் எந்தத் திசையில் விழுந்திருந்ததோ அதே திசையில் அதுவும் விழுந்திருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு மீன்துறை அலுவலகத்தில் விசாரித்தாள். ஊர்ப்பெயர் சொன்னார்கள். படத்தை அச்செடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு, ரயிலும் பஸ்ஸும் மாறி, ஒரு புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கு, கரையில் மீன் ஏலம் நடந்துகொண்டிருக்கும்போது வந்து இறங்கினாள்.

ஏலம் நின்றது. படம் கைமாறிக் கைமாறிப் போனது, செதில் ஒட்டிய விரல்களெல்லாம் அதன் ஓரத்தைப் பிடித்துப் பார்த்தன, மத்தியானத்துக்குள் அந்தப் படத்துக்கே சாளை மீன் வாடை வந்துவிட்டது. ஏலத்தில் எடுத்த மீனைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்த ஞானசீலியிடம் அது வந்தபோது அவள் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். "பாவம், அவ புருசனும் அதுலதானே போனான்" என்றார்கள்.

அந்த வள்ளத்தில் நாலு பேர் போனார்கள் என்பது ஊருக்குத் தெரிந்த கணக்கு. வள்ளத்துக்காரன் மிக்கேல், ரோசரியின் புருஷன். வயதான தஸ்நேவிஸின் ஒரே மகன் தொம்மை. மதலேனம்மாளின் கடைக்குட்டி ஜெர்சன், இருபது வயது. நாலாவது ஆள் இன்னாசி, ஞானசீலியின் புருஷன். கடலுக்குப் போக முந்தின நாள் மீன்துறையில் வாங்கிய டோக்கனில் நாலு பேர் என்று இருந்தது, கோயில் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்ததும் நாலு படம், வருடா வருடம் கார்த்திகையில் பூசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்ததும் நாலு வீடு.

நிலாவுக்கு வள்ளம் எப்படிப் போகும் என்று ஏழுபனைத்துறையில் ஒருவரும் கேட்கவில்லை. கடல் எடுத்துப்போனதை அது எங்கே கொண்டுபோய்ப் போடும் என்று கரையில் நிற்கிறவன் எப்படிச் சொல்ல முடியும். கொல்லத்தில் ஒதுங்கிய வள்ளம் உண்டு, மாலத்தீவில் ஒதுங்கிய வள்ளம் உண்டு, இது இன்னும் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கிறது, அவ்வளவுதான். கிழவர்கள் காற்றைப் பற்றித்தான் பேசினார்கள். அன்றைக்கு அடித்தது கிழக்கே இருந்து வருகிற கொண்டல், மேற்கத்திக் கச்சான் அடித்திருந்தால் இவ்வளவு தூரம் தள்ளியிருக்காது என்றார் ஒருவர். எந்தக் காற்றும் பள்ளத்துக்கு மேலே ஏற்றி வைக்காது, பையன்கள்தான் தூக்கி வைத்திருக்கிறார்கள், ஆகவே உயிரோடு இருக்கிறார்கள் என்றார் தஸ்நேவிஸ். அதற்குமேல் யாரும் வாதாடவில்லை.

மீன்துறைக்கு மனு போனது. இரண்டு வாரத்தில், குறிப்பிட்ட இடம் இந்த மாவட்டத்தின் எல்லைக்குள் வரவில்லை என்று பதில் வந்தது. இறந்தோருக்காகச் செய்துவந்த பூசையை இனி என்ன செய்வது என்று பங்குச் சாமியார் மூன்று நாள் யோசித்து, பயணத்தில் இருப்போருக்கான பூசை என்று மாற்றினார், சுவரில் இருந்த நாலு படங்களின் மாலையையும் கழற்றச் சொன்னார். ரோசரி டிரங்குப் பெட்டியைத் திறந்து புருஷனின் சட்டைகளை வெயிலில் போட்டாள். மதலேனம்மாள், பிள்ளைக்குப் பசிக்குமே, பசிக்குமே என்று ஊறுகாய் போட ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்தில் செவ்வாய் எந்தப் பக்கம் உதிக்கும் என்று கேட்டு வந்து, சாயங்காலங்களில் பெண்கள் அந்தப் பக்கம் பார்த்துக் கும்பிட்டார்கள். ஞானசீலியும் கும்பிட்டாள். அவள் கும்பிடுவதைப் பார்த்து எல்லோரும் இரக்கப்பட்டார்கள்.

விண்கலம் அந்த நிலாவின் பக்கத்தில் இன்னும் மூன்று முறைதான் வரும் என்று கமலவேணி சொல்லியிருந்தாள். அதன் பிறகு அதற்குக் கிரகத்தைப் படம் பிடிக்கிற வேலை, நிலாவின் பக்கம் திரும்பாது. இருபத்தாறு நாள் கழித்து அவள் இரண்டாவது படத்தோடு வந்தாள். பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அவள் முகம் சரியில்லை.

ஊர்க் கூடத்தில் எல்லோரும் பார்க்க விரித்த இந்தப் படத்தில் வள்ளத்தின் பக்கத்தில் ஆட்கள் நின்றார்கள். முகம் தெரியாது, தலையும் தோளும் புள்ளியாகத்தான் இருந்தன, ஆனால் சூரியன் சாய்ந்திருந்ததால் நிழல் நீளமாக விழுந்திருந்தது. மூன்று நிழல்.

"நாலாவது ஆளு வள்ளத்துக்குள்ள படுத்திருப்பான்" என்றாள் ரோசரி.

"மேலேருந்து எடுத்த படம்மா இது" என்றாள் கமலவேணி மெதுவாக. "வள்ளத்துக்குள்ள வலையும் பெட்டியும்தான் தெரியுது. சுத்தி ரெண்டு மைல் தேடிப் பாத்துட்டேன். வேற ஆள் இல்ல."

நாலு வீட்டு ஆட்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு பார்வை அதற்கு முன்னால் இருந்ததில்லை.

அந்த மூன்று நிழலின் அர்த்தம் அங்கே தெரிந்த ஒரே ஆள் ஞானசீலி. இன்னாசி அந்த வள்ளத்தில் ஏறவே இல்லை. அன்றைக்கு விடிகாலை, வள்ளம் ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டியிருக்க, நாலரைக்கே அவன் இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு, கொச்சியில் வேறொருத்தி இருக்கிறாள், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். வாசலில் நின்று, "மிக்கேல் காத்திருப்பான், கரைக்குப் போய் நான் வரலன்னு சொல்லிரு" என்று ஒரு வார்த்தையும் சொல்லிவிட்டுப் போனான். அவள் போகவில்லை. புருஷன் விட்டுவிட்டுப் போனதைக் கரையில் நின்று எந்த வாயால் சொல்வது என்று கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மற்ற வள்ளங்களெல்லாம் போன பிறகு, ஆறு மணிக்கு, கடைசி எஞ்சின் சத்தம் கேட்டது. ஐந்து மணிக்குப் போன வள்ளங்கள் காற்று எழும்புவதற்குள் மீன் அடைகிற கடலடிப் பாறையான பாரு பார்த்து வலை இழுத்துத் திரும்பிவிட்டன. ஒரு மணி நேரம் பிந்திப்போன வள்ளம் திரும்பவில்லை. ஊரார் கூட்டமாக வந்து அவளையும் சேர்த்து அணைத்துக்கொண்டு அழுதபோது, அவர்கள் நாலு பேர் என்று சொன்னபோது, அவள் வாய் திறக்கவில்லை. திறக்காத வாய் ஒரு நாளில் ஒரு வாரமாகி, வாரம் வருடமாகி, ஆறு வருடம் ஆகிவிட்டது.

இப்போது மூன்று நிழல் வந்திருக்கிறது.

முதல் வாரம் அவரவர் வீட்டுக்குள் அழுதார்கள். இரண்டாவது வாரம் சண்டை தொடங்கியது. நடுவில் நிற்கிற நெட்டை நிழல் மிக்கேல் என்றாள் ரோசரி. அது தொம்மை, அவனுக்கு இடது தோள் இறக்கம், நிழலில் இடது பக்கம் இறங்கியிருக்கிறது பார் என்றார் தஸ்நேவிஸ். அப்படியென்றால் என் புருஷன் செத்துட்டானா, சொல்லும், உம்ம வாயால சொல்லும் என்று நடுத்தெருவில் அவள் கேட்டாள். அவர் படத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, உன் புருசன் பேச்சைக் கேட்டுத்தானே என் பிள்ளை ஏறினான் என்றார். ரோசரியின் தம்பிமார் அன்று சாயங்காலம் தஸ்நேவிஸ் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். மறுநாள் யாரோ ஒருவருடைய வலை நீளவாக்கில் கிழிக்கப்பட்டுக் கிடந்தது. கோயிலில் இடது பக்கம் ஒரு கட்சியும் வலது பக்கம் ஒரு கட்சியுமாக உட்கார ஆரம்பித்தார்கள். ஒரே வள்ளத்தில் போகிறவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டதால் பாதி வள்ளங்கள் கடலுக்குப் போகவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் ஞானசீலியிடம் மட்டும் எல்லோரும் நல்லபடியாகப் பேசினார்கள், ஏனென்றால் அவள் எந்த நிழலையும் என்னுடையது என்று கேட்கவில்லை. ஒரு நாள் ரோசரியே அவள் வீட்டுக்கு வந்து, "ஏளா, வலது ஓரத்துல நிக்கது உன் இன்னாசி மாதிரிதான் இருக்கு, மனசைத் தளர விடாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு ஞானசீலி அடுப்புப் பற்றவைக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று எழுந்து தெருவரைக்கும் வந்தாள். வள்ளம் ஏன் ஒரு மணி நேரம் பிந்தியது என்று ஆறு வருடமாகத் தஸ்நேவிஸ் ஊரில் ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய்விட்டாள்.

மூன்றாவது படம் வந்தபோது ஊரே கூடத்தில் நின்றது. அதில் ஒன்றுமில்லை. விண்கலம் வந்த நேரத்தில் பள்ளம் இருட்டுப் பக்கத்தில் இருந்தது. கறுப்புத் தாளைப் பார்த்துவிட்டுக் கலைந்தார்கள். கடைசிப் படத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள். அதற்குள் இங்கே ஒரு கொலை விழும் என்று சாமியார் பயந்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை மதலேனம்மாள் ஊர்க் கமிட்டி முன்னால் வந்து நின்றாள். அவள் யாரோடும் சண்டைக்குப் போகாதவள். ஒரு மாதமாகச் சோறு சரியாக உண்ணாமல் கழுத்தெலும்பு தெரிந்தது.

"யாரோ ஒருத்தன் இல்லன்னுதானே இம்புட்டுச் சண்டை" என்றாள். "அது என் பிள்ளைன்னு வச்சுக்கிடுங்க. அவன்தான் சின்னவன், நீச்சலும் சரியா வராது. சனிக்கிழமை நான் அவன் சட்டையை வச்சு அடக்கம் பண்ணிருதேன். மத்த மூணு வீடும் நிம்மதியா இருங்க."

தஸ்நேவிஸ் தலையைக் குனிந்துகொண்டார். ரோசரி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சாவு தன் வீட்டுக்கு வரும் என்று ஒவ்வொருவருக்கும் பயம்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் சிறு குழி தோண்டியிருந்தது. ஒரு மரப்பெட்டியில் ஜெர்சனின் கட்டம்போட்ட சட்டை. இரண்டு கட்சியும் வந்து ஒன்றாக நின்றார்கள், கோயில் மணி அடித்தது, சாமியார் ஜெபம் சொன்னார், உயிரோடு இருக்கிறவனைப் புதைக்கிறோமோ என்ற சந்தேகம் அவருக்கும் இருந்தது. பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண்ணை அள்ளிய மதலேனம்மாளால் அதைப் போட முடியவில்லை. கையை நீட்டியபடியே நின்றாள். விரல் இடுக்கு வழியாக மண் தானாகவே சிந்த ஆரம்பித்தது.

"போடாதிய சித்தி" என்றாள் ஞானசீலி.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஜெர்சன் சாகல. யாருமே சாகல. வள்ளத்துல போனதே மூணு பேருதான். எங்க வீட்டுக்காரரு ஏறல."

"என்னளா சொல்லுத?" என்றாள் ரோசரி.

"அன்னைக்கு விடிகாலை முதல் பஸ்ஸுக்குப் போயிட்டாரு மயினி. கொச்சியில வேற ஒருத்தி இருக்கா. இனி வரமாட்டேன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

தஸ்நேவிஸ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவர் கேட்கப்போவது என்ன என்று அவளுக்குத் தெரியும். அவர் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்.

"அவருக்காகத்தான் ஒரு மணி நேரம் நின்னாவ மாமா. கரைக்குப் போய்ச் சொல்லிருன்னு எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனாரு. நான் போகல. வெக்கமா இருந்துது. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருந்தேன். அஞ்சு மணிக்கே போயிருந்தாவன்னா எல்லாரோடயும் திரும்பியிருப்பாவ."

தஸ்நேவிஸின் கை மேலே எழுந்தது. அடிக்கப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள், அவளும் நினைத்தாள், அசையாமல் நின்றாள். அவர் அந்தக் கையைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டு கல்லறை ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

ரோசரிதான் கேட்டாள். "ஆறு வருசமா எங்க கூட உக்காந்து அழுதியே, யாருக்குளா அழுத?"

"உங்க மூணு வீட்டுக்கும் அழுதேன். எனக்கும் அழுதேன் மயினி. பஸ் ஏறிப் போனாலும் போனதுதானே."

மதலேனம்மாள் குழிக்குள் இறங்கினாள். பெட்டியைத் திறந்து சட்டையை எடுத்தாள், மண்ணை உதறினாள், மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஞானசீலி நின்ற பக்கம் பார்க்காமல், வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அன்று மூன்று வீட்டிலும் கறிச்சோறு. ரோசரியின் தம்பிமார் தஸ்நேவிஸ் வீட்டு இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை எல்லா வள்ளங்களும் கடலுக்குப் போயின. கோயில் சுவரிலிருந்து இன்னாசியின் படம் இறங்கி ஞானசீலியின் வாசலில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அவளை யாரும் வையவில்லை. ஏலத்தில் அவள் கேட்ட விலை மட்டும் யார் காதிலும் விழவில்லை, அவள் வழக்கமாகக் கூடை வைக்கிற இடத்தில் வேறு கூடை இருந்தது, குழாயடியில் அவள் போய் நின்றால் பேச்சு நின்றது. அவள் பக்கத்து ஊர்வரைக்கும் நடந்துபோய் மீன் எடுத்து வந்தாள். வள்ளம் பிந்தியதற்கு அவள்தான் காரணம் என்பதை அவளே ஒப்புக்கொண்ட பிறகு அதில் வாதாட ஒன்றுமில்லை. சிலர், அவள் சொன்னதே பொய், சண்டையைத் தீர்க்கப் புருஷனைப் பலி கொடுத்துவிட்டாள் என்றும் பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னவர்களும் அவளோடு பேசவில்லை.

நாலாவது படம் வந்தது. விண்கலம் இதுவரை போகாத நெருக்கத்துக்குப் போய் எடுத்த படம். கமலவேணி மூன்று வீட்டுக்கும் மூன்று பிரதி எடுத்து வந்திருந்தாள், கண் சிவந்திருந்தது, பஸ்ஸிலேயே அழுதிருப்பாள் போல. ஞானசீலி கூடத்துக்குப் போகவில்லை. வீட்டுக்குள் இருந்தபடியே, கூடத்தில் திடீரென்று பெருஞ்சத்தம் எழும்பியதையும், பிறகு அது அப்படியே அடங்கிப்போனதையும் கேட்டாள். ஏதோ நடந்துவிட்டது, யாரோ இல்லை, நான் சொன்னது பொய்யாகிவிட்டது என்று நினைத்தாள்.

உச்சிவெயிலில் மதலேனம்மாள் வந்தாள். மூன்று வாரத்தில் அந்த வீட்டு வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். கையில் படம். உள்ளே வராமல் நிலைப்படியில் நின்றாள்.

"என் பிள்ளை மொகம் தெளிவாத் தெரியுது" என்றாள். குரலில் ஒரு கடுப்பு இருந்தது. "மீசை வச்சிருக்கான். மூணு பேரும் மேல பாத்துக்கிட்டு நிக்கானுவ. மேல போற கலத்தைப் பாத்திருக்கானுவ போல. தரையில என்னமோ பெருசு பெருசா எழுதியிருக்கு. அங்க வள்ளத்துக்குக் கனமே இல்லையாம்லா, வள்ளத்தையே தூக்கிப்பிடிச்சு அடிமரத்தால கீறி எழுதியிருக்கானுவன்னு அந்தப் படக்காரம்மா சொல்லுதா."

"என்ன எழுதியிருக்கு சித்தி?"

"எனக்கு எழுத்துத் தெரியுமா? பேரு மட்டும் வாசிச்சுச் சொன்னாளுவ. கடேசி வரி வந்ததும் ஒருத்தி மொகத்தை ஒருத்தி பாக்காளுவ. ரோசரி எந்திரிச்சுப் போயிட்டா. சாமியாரைக் கேட்டா, நீயே ஞானசீலிகிட்ட கொண்டுபோய்க் குடும்மான்னுட்டாரு." படத்தை நீட்டினாள். "வாசி."

ஞானசீலி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். சாம்பல் நிற மண்ணில், பள்ளத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைவரை, நோட்டில் எழுதிப் பழகாதவர்களின் கோணல் எழுத்து. ஒவ்வொரு எழுத்தும் ஒரு தெரு நீளம் இருக்கும். அவற்றின் அடியில் மூன்று பேர், தலையை நிமிர்த்தியபடி.

"மிக்கேல், தொம்மை, ஜெர்சன் சுகம்" என்று வாசித்தாள்.

"அதைத்தான் கேட்டுட்டனே. அதுக்குக் கீழ."

அவள் கீழே பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"வாசிளா. என் பிள்ளை எழுதினது எனக்குத் தெரியாண்டாமா?"

"இன்னாசி ஏறல" என்று ஞானசீலி வாசித்தாள். "ஞானசீலி அழ வேண்டாம்."

மதலேனம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அவள் மனதுக்குள் அந்த இரண்டு வரியையும் திருப்பித் திருப்பிச் சொல்லிப்பார்க்கிறாள் என்பது உதடு அசைந்ததில் தெரிந்தது.

"வேற எதுவும் இல்லையா? அம்மான்னு ஒண்ணும் எழுதலையா?"

"இல்ல சித்தி. இதுக்கே பள்ளம் பூராவும் ஆயிட்டுது."

"ம்" என்றாள் மதலேனம்மாள். செருப்பைக் கழற்றினாள். உள்ளே வந்து தரையில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டாள். "அம்புட்டுத் தூரத்துல போய்க் கிடந்துக்கிட்டு, வீட்ட விட்டுப் போன இன்னாசியும் வள்ளத்துல ஏறிச் செத்துட்டான்னு நெனச்சு நீ அழுதுக்கிட்டு இருப்பேன்னு கவலைப்பட்டிருக்கானுவ. மடப்பயலுவ." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தண்ணி குடு. நடந்து வந்ததுல தொண்டை காஞ்சு போச்சு."

ஞானசீலி செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். மதலேனம்மாள் அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படத்தை அவள் மடியில் வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும். நாளைக்கும் வருவேன், வாசிச்சுச் சொல்லணும்" என்றாள். "இப்ப இன்னொரு தடவை வாசி. என் பிள்ளை பேருல ஆரம்பிச்சு வாசி."